துணியோடு துவைத்த லைட்டர்

தம்பி,

அம்மா எழுதுகிறேன். கிள்ளானில் நாங்கள் இருவரும் சுகம். நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிள்தான் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீ சுகமாக இருப்பதாக நேற்று போனில் சொன்னாய், சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டு, "ம்மா, அந்த லைட்டர ஏர்போர்ட்லயே புடுங்கிட்டாங்கம்மா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அதுவும் அறுந்தது. அதற்குப் பிறகு நான் அடித்த போதெல்லாம் ஒரு பெண் மலாயில், நீ தொடர்புக்கு வெளியே இருப்பதாக ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். கடல் தாண்டி சபா மாநிலத்துக் காட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, சாமான் வாங்க டவுனுக்கு வரும்போதுதான் சிக்னல் என்று எனக்கும் தெரியும். ஆகவே பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன். இதில் எனக்கொரு வசதியும் இருக்கிறது. நான் எழுதும்போது நீ நடுவில் புகுந்து "சரிம்மா, சரிம்மா" என்று சொல்ல முடியாது.

அந்த லைட்டரைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை உன்னிடம் சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் சொல்லலாம் என்றிருந்தேன், அங்கே உன் அப்பா உன் பையை விடாமல் பிடித்துக்கொண்டு, பிளேனில் என்ன சாப்பிடக் கூடாது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சொல்ல நேரமில்லை. இப்போது லைட்டரும் போய்விட்டது என்கிறாய். அதனால் மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

நீ வேலை மாறப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே தொடங்குகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஏர்கான் போட்ட ஆபீஸ், நல்ல நாற்காலி, கீழே இறங்கினால் சாப்பிட ஒட்டுக்கடை. அதை விட்டுவிட்டு சபாவில் காட்டுக்குள் போய் மரங்களை அளக்கப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாய். "மரத்த அளக்கறதுக்கு சம்பளமா? அது எங்க ஓடிப் போவப் போவுது?" என்று அப்பா கேட்டார். நான் ரசத்தை ஊற்றினேன். நான் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றினால் என்ன அர்த்தம் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பாம்பு, அட்டை, மலேரியா, வழி தவறுவது, ஆற்றில் வெள்ளம் வருவது என்று எல்லாமே அந்த ஒரு கரண்டி ரசத்துக்குள் என் மனதில் ஓடி முடிந்தன. இருப்பது ஒரே பிள்ளை. உன்னைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அப்படிச் சொல்லும் அம்மாக்களை நானே எத்தனையோ கல்யாண வீடுகளில் கிண்டல் அடித்திருக்கிறேன்.

அப்போதுதான் நீ அந்த வேலையைச் செய்தாய். அங்கே போகிற ஒவ்வொருவரும் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன பை கொண்டுபோக வேண்டுமாம். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் அந்தப் பைதான் உயிரைக் காப்பாற்றுமாம். விசில், கத்தி, தலையில் மாட்டும் டார்ச், தண்ணீரைச் சுத்தம் பண்ணும் மாத்திரை என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "மத்ததெல்லாம் வாங்கிட்டேன்மா. நெருப்பு பத்த வைக்கிற சாமான் மட்டும் நீ பாத்து செலக்ட் பண்ணிக் குடு. நீதான கியூசி. நீ பாஸ் போடாம நான் பிளேன் ஏற மாட்டேன், சத்தியமா" என்றாய். அம்மா உட்கார்ந்து அழுவதற்குப் பதில் ஏதாவது வேலையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். நல்ல பிள்ளைதான். ஆனால் வேலை என்று நினைத்து அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் கியூசியாகப் பாதி ஆயுளைக் கழித்தவள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதும், சூட்டு அடுப்பில் வைத்து ரப்பர் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்ப்பதும்தான் என் பிழைப்பு. பாஸ் என்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டிவிட்டால் மேனேஜர் வந்து கெஞ்சினாலும் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டாது. ரிட்டயர் ஆகும்போது மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், நான் மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள்களைக் கேட்டு வாங்கி வந்தேன். நான் பாஸ் போடாத சாமான் வெளியே போகாது. அப்படியென்றால் நீயும் போக மாட்டாய். இந்தக் கணக்கு எனக்கு அந்த மேசையிலேயே புரிந்துவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

முதலில் தீப்பெட்டி. சாதாரணத் தீப்பெட்டியைப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் ஒரு மழை நாள் வைத்தேன். குச்சியின் மருந்து சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. சிவப்பு. பிறகு நீ கேம்பிங் கடையிலிருந்து வாங்கி வந்தாயே, தண்ணீரில் போட்டாலும் எரியும் குச்சி. டம்ளரில் ஊறப்போட்டு எடுத்து உரசினேன். சும்மா சொல்லக் கூடாது, தீபாவளி மத்தாப்பு தோற்றது. ஊதினேன், அணைந்தது, மறுபடி தானாகப் பற்றிக்கொண்டது. பயந்துபோய் சிங்க்கில் எறிகிறேன் என்று கைதவறி ஜன்னல் பக்கம் எறிந்துவிட்டேன். திரைச்சீலையில் ஒரு வட்டம் போச்சு. நீ வந்து பார்த்து, "ம்மா, அதான் அதோட ஸ்பெஷல்" என்றாய். அணையத் தெரியாத நெருப்பு என் பிள்ளையின் இடுப்பில் இருக்கக் கூடாது என்று அதற்கும் சிவப்பு ஒட்டினேன்.

அடுத்து அந்த ஃபெர்ரோ ராட். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கம்பி, அதைச் சுரண்ட ஒரு சின்ன இரும்புத் தகடு. நனைந்தாலும் கெடாது, தீர்ந்தும் போகாது, காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நீ ரொம்ப நேரம் விளக்கினாய். நான் சுரண்டினேன். பொறி பறந்தது, ஆனால் நான் வைத்திருந்த பஞ்சில் விழாமல் என் நைட்டியில் விழுந்தது. அந்த நைட்டியை இப்போது தரை துடைக்கப் பயன்படுத்துகிறேன். நீ வாங்கிப் பார்த்து, பஞ்சில் வாசலின் தடவி ஒரே இழுப்பில் பற்ற வைத்தாய்.  இது பாஸ் ஆகிவிடுமே! யோசித்து யோசித்து, "இதுக்கு ரெண்டு கையும் வேணுமே" என்றேன். "எனக்கு ரெண்டு கையும் இருக்குலா ம்மா" என்றாய். "இப்ப இருக்கு" என்று சொல்லிவிட்டு சிவப்பை ஒட்டினேன். நீ கம்பியை மேசையில் வைத்துவிட்டாய். கியூசியை எதிர்த்துப் பேசக் கூடாது என்று உனக்குச் சின்ன வயதிலேயே பழக்கியிருக்கிறேன்.

உன் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பூதக்கண்ணாடிதான் சிறந்தது, எண்ணெய் வேண்டாம், கேஸ் வேண்டாம், சூரியன் இலவசம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க போர்ச்சில் உட்கார்ந்தார். புகைமூட்ட சீசன். சூரியன் மங்கலாக ஒரு பப்படம் போல மேலே தெரிந்தது. காய்ந்த இலையைப் பிடித்தபடியே மனிதர் தூங்கிவிட்டார். அவர் வழுக்கையில் வியர்த்ததுதான் அந்தச் சோதனையின் முடிவு. இன்னொரு நாள் ஆன்லைனில் எதையோ வரவழைத்தார். கரண்டில் சார்ஜ் போட்டால் நீலமாக மின்னும் லைட்டர். "காட்டுல பிளக் எந்த மரத்துல இருக்கும்?" என்று கேட்டேன். அதைத் திருப்பி அனுப்பவே மனமில்லாமல் இப்போது சாமி மேடையில் ஊதுபத்தி கொளுத்த வைத்திருக்கிறார்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு விஷயம். சாதாரண கேஸ் லைட்டர்கள் என்று வந்தபோது உன் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நான் ஒவ்வொன்றாக மேசையில் வைக்கிறேன், அவர் தொடாமலே தீர்ப்புச் சொல்கிறார். "இது காத்துக்கு நிக்காது. இது பாசார் மாலாம் சரக்கு, ராத்திரிச் சந்தையில விக்கிறது, கல்லு சீக்கிரம் தேஞ்சிரும். அந்த மஞ்சள் கலர் இருக்கே, அதுதான் அடி வாங்கினாலும் பத்தும்." பத்துமலையில் தைப்பூசத்தன்று சிகரெட்டை விடுகிறேன் என்று முருகன் முன்னால் சத்தியம் பண்ணிய மனிதர். "உங்களுக்கு எப்படிங்க இவ்ளோ தெரியும்?" என்றேன். "பொது அறிவு" என்றார். நீ தலையைக் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு சூடு தாங்கும் சோதனை. தொழிற்சாலையில் அதற்குத் தனி அடுப்பு உண்டு. வீட்டில் எங்கே போவது? அப்பாவுடைய காரை வெயிலில் நிறுத்தினால் அதை விடப் பெரிய அடுப்பு கிடையாது. ஒரு லைட்டரை டேஷ்போர்டில் வைத்தேன். நானே தயார் பண்ணிய சரக்கையும் ஒரு காகிதத்தில் மடித்து, சின்னத் துணிப்பையில் போட்டு உள்ளே வைத்தேன். கற்பூரம். சாமிக்கு ஏற்றும் அதே கற்பூரம்தான். எந்த மழையிலும் சட்டென்று பிடிக்கும், கையில் பிசுக்கு ஒட்டாது, வாசனைக்குப் பூச்சியும் வராது. உன் கேம்பிங் கடைக்காரன் மூளையில் இது உதிக்கவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. பற்ற வைப்பது எதுவானாலும் பற்றிக்கொள்வது என் கற்பூரமாக இருக்கட்டும் என்று முடிவே பண்ணிவிட்டேன். மத்தியானம் டப்பென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு சீன அங்கிள் டயர் வெடித்ததென்று ஓடி வந்தார். லைட்டர் வெடித்து டேஷ்போர்டில் ஒரு கீறல். அப்பா வந்து பார்த்துவிட்டு, "அநியாயமா ஒரு நல்ல லைட்டர்" என்றார். காரைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். உனக்கும் சொல்கிறேன், எந்த லைட்டரையும் வெயிலில் வைக்காதே.

அந்த அங்கிள் ரொம்ப நாளாகக் குழம்பிப் போயிருந்தார் போலிருக்கிறது. தினமும் நம் வீட்டுப் பின்பக்கம் புகை, கற்பூர வாசனை, பொறி, நடுநடுவே என் அலறல். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதம் முழுக்க உங்களுக்கு என்ன பெருநாள், பலகாரம் ஒன்றும் வரவில்லையே என்று மலாயில் கேட்டார். மகன் காட்டுக்குப் போகிறான் என்று சொன்னேன். "எப்ப போறான்?" என்றார். நெருப்பு பாஸ் ஆனதும் என்றேன். அவர் டேஷ்போர்டுக் கீறலைப் பார்த்துவிட்டு, "அப்ப போவ மாட்டான்" என்றார். பக்கத்து வீட்டில் நீண்ட நாள் இருந்தால் எல்லாமே தெரிந்துவிடுகிறது.

இனி உனக்குத் தெரியாத பாதி. சபா வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று நீ பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. மேசையில் எல்லாவற்றின் மேலும் சிவப்பு. பச்சைச் சுருளை நான் பிரிக்கவே இல்லை. ஒரு காலையில் நீ வேலைக்குப் போன பிறகு வாஷிங் மெஷினைத் திறந்து துணிகளை எடுத்தேன். கடைசியில் அடியில் எதுவோ கடகடவென்று உருண்டது. மஞ்சள் லைட்டர். அப்பாவுடைய நீளக் கால்சட்டை, அந்தச் சிலுவாரின் பையிலிருந்து விழுந்திருக்கிறது. தண்ணீர், சோப்பு, சூடு, சுழற்சி என்று துணி பட்ட பாடெல்லாம் அதுவும் பட்டிருந்தது. முருகனுக்குச் செய்த சத்தியம் என் கையில் மஞ்சளாக நனைந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அதை வெளியே வீசியிருக்க வேண்டும். ஆனால் கை பழக்கம் போகுமா? உதறினேன், ஊதினேன், சக்கரத்தைத் துண்டில் உருட்டித் துடைத்தேன். தட்டினேன், ஒன்றுமில்லை. மறுபடி ஊதித் தட்டினேன், பொறி மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம் தட்டினேன். குப்பென்று பற்றிக்கொண்டது. ஒரே கையால் பற்ற வைத்தேன், தம்பி.

ஈரத் துணிகள் காலடியில் கிடக்க நான் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் தொழிற்சாலையில் இப்படி ஒரு சோதனையை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட வேண்டிய சாமான். பாஸ் போட்டால் நீ போய்விடுவாய். வீட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. லைட்டரை எடுத்துப்போய் அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்தேன். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரத்துக்காகப் புதைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நல்ல சரக்கைச் சிவப்புக் கூட ஒட்டாமல் ரிஜெக்ட் பண்ணினேன். 

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா வீடு முழுக்க லைட்டரைத் தேடுகிறார், ஆனால் என்னிடம் கேட்க முடியாது. சோபாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், செருப்பு ராக்கை இழுத்துப் பார்த்தார். "என்ன தேடுறீங்க?" என்றேன். "கண்ணாடி" என்றார். "மூக்குல இருக்கு" என்றேன். "ஆமா, இது இன்னொரு கண்ணாடி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். நான் டின்னைத் திறந்து அரிசி அளக்கும்போதெல்லாம் மஞ்சளாக ஒரு மூலை தலை நீட்டும், நான் அமுக்கிவிடுவேன். ஒரு நாள் பொறுக்காமல் எடுத்து, கையுறை ஒன்றின் விரலை வெட்டி, அதற்குள் லைட்டரை நுழைத்து, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டேன். தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. ஏற்றுமதிக்குப் போகும் சாமானைத்தான் நான் அப்படிக் கட்டுவேன்.

பதில் சொல்ல வேண்டிய தேதிக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ, "கடைசியா ஒரு டெஸ்ட், எல்லாச் சாமானையும் வெளிய எடுத்துட்டுப் போயி பாப்போம்" என்று எங்களை ரவாங் பக்கத்து அருவிக்குக் கூட்டிப்போனாய். கிளம்பும்போது அரிசி டின்னிலிருந்ததை எடுத்து என் கைப்பையில் போட்டேன். வீட்டில் விட்டால் எலி கடிக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நம் வீட்டில் எலி கிடையாது. அங்கே போய் பாயை விரித்தோம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம், மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகைக்கு ஓடினோம், அது எல்லாப் பக்கமும் ஒழுகியது. நடுவில் கறியைச் சுடும் சிமெண்டு அடுப்பு. நீ சுற்றிலும் கிடந்த ஈரக் குச்சிகளைப் பொறுக்கி வந்து மண்டி போட்டு உட்கார்ந்தாய்.

உன் தீக்குச்சிகளில் பெட்டியோடு தண்ணீர் ஏறி, நனைந்தாலும் எரியும் குச்சியைக் கூட உரச முடியாதபடி பட்டை ஊறி உரிந்திருந்தது. மேசையில் சிவப்பு வாங்கிய லைட்டர்களும் நனைந்து பொறியே விடவில்லை. அந்தக் கறுப்புக் கம்பியைச் சுரண்டினாய், பொறி நன்றாகத்தான் வந்தது, பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கற்பூரத்த எடு" என்றேன். காரிலிருந்து அந்தத் துணிப்பையை எடுத்து வந்தாய். பிரித்தாய். காகிதம் இருந்தது, வாசனை இருந்தது, கற்பூரம் இல்லை. அத்தனை நாள் வெயிலில் காரோடு காய்ந்து மொத்தமும் காற்றில் போய்விட்டது. கற்பூரத்தோடு நாலு மிளகு போட்டு வைக்க வேண்டும் என்பது கூடத் தெரியாத தமிழச்சி உண்டா? தெரியும், பெருமையில் மறந்துவிட்டேன். அப்பா காலிக் காகிதத்தை மூக்கில் வைத்து இழுத்து, "நல்ல சரக்குதான்" என்றார். நீ கூடச் சிரித்தாய்.

சிரித்துவிட்டு, நனைந்துபோன தீக்குச்சிகளை உன் சட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்து, தலை ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கிப் பெட்டியில் வைத்தாய். வைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "சரிம்மா. நாளைக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன். பழைய ஆபீஸ்ல இருந்துக்கறேன், பரவால்லலா" என்றாய். அத்தனை நாட்களும் நான் காத்திருந்த வார்த்தை அதுதான். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீ உண்மையிலேயே எனக்காக நின்றுவிடுவாய், தினமும் அதே மேசையில் உட்கார்ந்து ரசம் நன்றாக இருக்கிறது என்பாய், ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டாய். அதை நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. உன்னைக் காடு கொண்டுபோய்விடும் என்றுதான் பயந்திருந்தேன். வீட்டிலேயே வைத்துக்கொண்டு நானே உன்னைத் தொலைக்கப் பார்த்தேன்.

கைப்பையைத் திறந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். மஞ்சள் லைட்டரை வெளியே எடுத்து ஒரே தட்டு. மழைச் சாரலில் சுடர் நிமிர்ந்து நின்றது. அந்தக் கையுறை விரலையே அதில் பிடித்தேன், ரப்பர் உருகிக் கறுப்புப் புகையோடு எரியத் தொடங்கியது. நீ குச்சியின் ஈரத் தோலைக் கத்தியால் சீவி உள்ளிருந்த காய்ந்த சிலாம்புகளை ஒவ்வொன்றாக வைத்தாய். நெருப்புப் பிடித்தது. தொழிற்சாலை நாற்றம் கொட்டகை முழுக்க. நீ என்னைப் பார்த்தாய், லைட்டரைப் பார்த்தாய், வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா குதித்து எழுந்தார். "ஏய், அது என் லைட்டர்!" என்றார்.

 தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியதைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கலாம். "முருகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார். நீ சிரித்துச் சிரித்து அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். புகையில் என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னேன். அதில் பாதி புகை. வீட்டுக்கு வந்து பச்சைச் சுருளைப் பிரித்து முதல் ஸ்டிக்கரை அந்த லைட்டரில் ஒட்டி, புது கையுறை விரலில் கட்டி உன் பையில் வைத்தேன். அன்றைக்கு நான் சொன்னதை வைத்து, அது வாஷிங் மெஷினிலிருந்து நேராக என் கைப்பைக்கு வந்ததாகத்தான் நீ இவ்வளவு நாளும் நினைத்திருப்பாய். நடுவில் அரிசி டின்னில் இருந்த நாட்களை இப்போது சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், டவுனுக்கு வரும்போது போன் பண்ணித் திட்டு.

தண்ணீர், சூடு, மழை, துவைப்பது என்று எல்லாச் சோதனையும் பண்ணிய எனக்கு, இது பிளேனில் ஏறுமா என்று மட்டும் யோசிக்கத் தோன்றவே இல்லை. உன் இடுப்புப் பையை வைத்துக் கட்டிய பெட்டிக்குள் லைட்டர் போகக் கூடாதாம், அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாரும் எடுத்துப் போவார்கள் என்று விட்டுவிட்டாராம். அந்த ஏர்போர்ட் அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் என் தொழில்தான். பார்த்தார், சந்தேகம் வந்தது, ரிஜெக்ட் பண்ணினார். பச்சை ஸ்டிக்கர் இருந்தும் விடவில்லை என்றால் நல்ல கியூசி. நேற்று அந்த இரண்டாவது லைனும் அறுவதற்குள் நீ கடைசியாக, "கையுற விரல மட்டும் திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா, பையிலயே வெச்சிருக்கேன்" என்றாயே, அதற்கப்புறம் நான் வெகு நேரம் சமையலறையில் நின்றிருந்தேன். அப்பா வந்து என்ன தேடுகிறாய் என்றார். கண்ணாடி என்றேன்.

இப்போது கேள். அந்த டவுனில் ஏதாவது ஒரு கடையில் லைட்டர் இருக்கும். இரண்டு வாங்கு. ஒன்று பையில், ஒன்று உடம்போடு. அந்த ஃபெர்ரோ ராட் கம்பியையும் வைத்துக்கொள், அதற்கு நான் ஒட்டிய சிவப்பு அநியாயம், கிழித்துவிடு. கற்பூரம் கிடைத்தால் மிளகு போட்டு வை. ஈரக் காட்டில் நெருப்புப் பிடிக்கவில்லை என்றால் பதறாதே, தோலைச் சீவினால் உள்ளே காய்ந்த மரம் இருக்கும் என்பதை நீதான் எனக்குக் காட்டினாய். இந்தக் கவரில் கையுறை விரல்கள் கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறேன். பச்சை ஸ்டிக்கரும் ஒன்று வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, என்ன கலர் என்று நான் கேட்கப்போவதில்லை. நீ எதை வாங்கினாலும் இதை எடுத்து அதன்மேல் நீயே ஒட்டிக்கொள். கண்ணால் பார்க்காத சாமானுக்கு நான் பாஸ் போடுவது இதுதான் முதல் தடவை.

அம்மா